பங்காளிச் சண்டை: எவர்ட்டனும் லிவர்பூலும்

இங்கிலாந்து கால்பந்துல பெரிய பகை எதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்லுவாங்க. மான்செஸ்டரின் சிவப்பும் நீலமும் என்பார்கள். வட லண்டனில் ஆர்சனலும் டாட்டன்ஹாமும் என்பார்கள். என்னோட பதில் எப்பவும் எவர்ட்டன் - லிவர்பூல் தான்.

இதுக்குக் காரணம் ஆட்டத்தின் தரம் இல்லை. ஒரு வாடகைத் தகராறில் ஆரம்பித்து, ஒரு பிரேதப் பரிசோதனை அறை வரைக்கும் போன கதை இது. டாக்டரா எனக்கு இதுல தனியா ஒரு கணக்கும் இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு உட்காருங்க.

பக்கத்துப் பக்கத்து கிளப்கள் மோதுகிற ஆட்டத்தை 'டெர்பி' என்பார்கள். ஷெஃபீல்டில் 1857ல் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். 1860ல் அங்கேயே ஹாலம் பகுதியில் இன்னொன்று. அதே வருஷம் டிசம்பர் 26 அன்று இரண்டும் மோதிவிட்டன. அதாவது இரண்டாவது கிளப் பிறந்த வருஷத்திலேயே டெர்பியும் பிறந்தாச்சு! ஆர்சனல் 1913ல் தென்கிழக்கு லண்டனில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு டாட்டன்ஹாம்காரர்களின் பேட்டைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. அந்தக் கோபம் நூறு வருஷம் தாண்டியும் ஆறலை.

ஆனா இதெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை. எவர்ட்டன் - லிவர்பூல் பங்காளிச் சண்டை. ஒரே வீட்ல பொறந்து, பாகப்பிரிவினையில் பிரிந்தவர்கள்.

1878ல் லிவர்பூல் நகரத்தின் எவர்ட்டன் பகுதியில் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த இளைஞர்கள் ஒரு கால்பந்து அணி ஆரம்பித்தார்கள். கோடையில் கிரிக்கெட் ஆடியவர்கள், குளிர்காலத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று கால்பந்துக்கு வந்தவர்கள். அடுத்த வருஷம் பேட்டையின் பெயரையே அணிக்கு வைத்தார்கள். எவர்ட்டன். முதலில் ஸ்டான்லி பூங்காவில் சும்மா திறந்தவெளியில் ஆடினார்கள். 1884ல் ஒரு நல்ல மைதானம் வாடகைக்குக் கிடைத்தது.

அந்த மைதானத்தின் பெயர் ஆன்ஃபீல்ட்.

ஆமாங்க, சரியாத்தான் படிச்சீங்க. இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கிற லிவர்பூல் ரசிகர்கள் கோயிலா நினைக்கிற ஆன்ஃபீல்டில் முதல் குடித்தனக்காரர் எவர்ட்டன். 1888ல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 கிளப்களில் எவர்ட்டன் ஒன்று. 1891ல் லீக் சாம்பியன் ஆனதும் ஆன்ஃபீல்டில் விளையாடித்தான்.

அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் ஜான் ஹோல்டிங். பீர் ஆலை முதலாளி. கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரமுகர், பின்னாளில் நகர மேயரும் ஆனார். பேட்டையில் அவருக்குப் பட்டப்பெயரே 'ராஜா ஜான்'. மைதானத்துக்குப் பக்கத்திலேயே சாண்டன் என்ற ஹோட்டல் வைத்திருந்தார். அணி வீரர்கள் உடை மாற்றுவது அங்கேதான். ஆட்டம் பார்க்க வருகிற கூட்டம் தாகத்துக்கு ஒதுங்குவதும் அங்கேதான். மைதானத்துக்குள் தின்பண்டம், பானம் விற்கிற உரிமையும் அவருக்கே. புத்திசாலி மனுஷன்.

கிளப் வளர வளர ஓனர் வாடகையை ஏத்தினார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 பவுண்டு. 1890 வாக்கில் அது 250 பவுண்டு. அப்புறம் "இந்த நிலத்தையே கிளப் விலைக்கு வாங்கிக்கட்டும்" என்று ஒரு திட்டத்தோடு வந்தார். விலை ரொம்ப அதிகம் என்று கமிட்டியில் பலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களுக்குத் தலைமை ஜார்ஜ் மேஹன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர், லிபரல் கட்சிக்காரர். அந்தக் கூட்டத்தில் மதுவிலக்கு ஆதரவாளர்கள் நிறைய. சர்ச்சில் பிறந்த நம்ம அணி சாராயக்காரர் கையில் சிக்கிக்கொண்டு இருக்கிறதே என்ற உறுத்தல் அவர்களுக்கு. ஆக மேலே பார்த்தால் வாடகைத் தகராறு, உள்ளே கட்சியும் மதமும் மதுவும்.

கமிட்டிக் கூட்டத்தில் மேஹன் "நாம வேற இடத்துக்குப் போயிடலாம்" என்றபோது, "இடம் எங்க இருக்கு?" என்று யாரோ கத்தினாராம். "என் பாக்கெட்ல இருக்கு" என்றாராம் மேஹன். பாக்கெட்டில் இருந்தது ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கத்தில் ஒரு நிலத்துக்கான ஒப்பந்தத் தாள்.

அந்த நிலம் புதர் மண்டிக் கிடந்தது. மைதானமாக்கப் பணம் வேண்டும். இங்கதான் நம்ம தொழில்காரர் ஒருத்தர் வர்றார். டாக்டர் ஜேம்ஸ் பாக்ஸ்டர், கிளப்பின் மருத்துவர். 1,000 பவுண்டு கடன் கொடுத்தார், வட்டியே இல்லாம. 1892ல் அது எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க. மருத்துவம் பார்த்துச் சம்பாதித்த பணத்தை ஃபுட்பால் கிளப்பில் போட்ட அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். அப்படி எழுந்ததுதான் குடிசன் பார்க்.

எவர்ட்டன் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. ஹோல்டிங்கிடம் மைதானம் இருக்கு, ஆட அணி இல்லை. முதலில் எவர்ட்டன் என்ற பெயரையே தனக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தார். பெயர் வெளியேறியவர்களுக்குத்தான் என்று தீர்ப்பானது. சரி, பேட்டை பெயர் போனா என்ன, ஊர் பெயரையே எடுத்துக்கறேன் என்று 1892ல் புது கிளப் ஒன்றை ஆரம்பித்தார். லிவர்பூல் கால்பந்து கிளப். ஸ்காட்லாந்தில் இருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அணியில் பெயர்களெல்லாம் 'மேக்' என்று ஆரம்பிக்கவே, 'மேக்குகளின் அணி' என்று ஊரே கிண்டல் பண்ணியது.

இன்னொரு வேடிக்கை. அந்தப் புது லிவர்பூல் முதல் சில வருஷம் போட்ட சட்டை நீலமும் வெள்ளையும். சிவப்பு வந்ததே 1896ல்தான். சிவப்பு ரத்தம் ஓடுதுன்னு சொல்ற நம்ம ஊர் லிவர்பூல் தம்பிகள் மன்னிக்கணும்.

லீக்கில் முதல் டெர்பி 1894 அக்டோபர் 13, குடிசன் பார்க்கில். சுமார் 44,000 பேர் பார்த்தார்கள். எவர்ட்டன் 3-0. போன குடித்தனக்காரர் ஓனரை வீட்டுக்குக் கூப்பிட்டு அடிச்சு அனுப்பிய மாதிரி.

பங்காளிச் சண்டைக்கு ஒரு குணம் உண்டு. நல்லதுக்குப் பத்திரிகை வைக்கலைன்னாலும், கெட்டதுக்கு வந்து நிப்பாங்க. 1902ல் ஹோல்டிங் இறந்தபோது அவர் சவப்பெட்டியை இரண்டு கிளப் வீரர்களும் சேர்ந்து சுமந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னாடி அவரை வெளியே தள்ளிய கிளப்பும் தோள் கொடுத்தது. 1904 முதல் 1935 வரை இரண்டு கிளப்புக்கும் ஆட்ட நாள் கையேடு ஒன்றே ஒன்றுதான், சேர்த்து அச்சடித்தார்கள். இன்னைக்கு நம்புவீங்களா?

ஊரே அப்படித்தான். கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் பெருமளவு மத அடிப்படையில் பிரிந்தார்கள். லிவர்பூலில் கோடு அவ்வளவு சுத்தமாக விழவில்லை. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டை நகரத்தில் இருந்தது. ஆனா அது மைதானங்களுக்கு இடையில் பிரிந்து நிற்கவில்லை. ஒரே வீட்டில் அப்பா நீலம், மகன் சிவப்பு. மாமன் ஒரு கட்சி, மச்சான் ஒரு கட்சி. எதிரி ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தா, எவ்வளவு தூரம்தான் வெறுக்க முடியும்?

பில் ஷாங்க்லி லிவர்பூலை உச்சிக்குக் கொண்டுபோன மேலாளர். "என் வீட்டுத் தோட்டத்துல எவர்ட்டன் ஆடினாலும் ஜன்னல் திரையை இழுத்து மூடிடுவேன்" என்று சொன்னதாக அவர் பெயரில் ஒரு நக்கல் உலாவுகிறது. அதே ஷாங்க்லி 1974ல் ஓய்வு பெற்ற பிறகு எவர்ட்டன் பயிற்சி மைதானத்துக்குத்தான் அடிக்கடி போய்க்கொண்டிருந்தார். சொந்த கிளப்பை விட அங்கேதான் தன்னை அன்பாக வரவேற்றார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எவர்ட்டன் பக்கம் டிக்ஸி டீன். 1927-28 சீசனில் லீக்கில் மட்டும் 60 கோல். இன்னும் யாரும் தொடலை. வயதான காலத்தில் ரத்தக்கட்டு வந்து வலது காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கோல் அடித்த கால். 1980 மார்ச் 1 அன்று குடிசன் பார்க்கில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். எந்த ஆட்டம்? லிவர்பூலுடன் டெர்பி. அன்று மதிய விருந்தில் அவரைப் புகழ்ந்து பேசியவர் ஷாங்க்லி.

நடுவில் ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கோங்க. ஆன்ஃபீல்டில் ரசிகர்கள் நிற்கிற பெரிய மேட்டுக்கு 'கோப்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் 1900 ஜனவரியில் போயர் போரில் ஸ்பியான் கோப் என்ற குன்றில் லிவர்பூல் பக்கத்து இளைஞர்கள் ஏராளமாகச் செத்தார்கள். அவர்கள் நினைவாக 1906ல் வைத்த பெயர். அந்தக் குன்றில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை, சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அந்தக் கூலிகளில் தமிழர்கள் நிறைய. ஸ்ட்ரெச்சரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1980கள். இங்கிலாந்தின் தலைசிறந்த இரண்டு அணிகளும் ஒரே ஊரில். 1984 லீக் கோப்பை இறுதிப் போட்டியில் வெம்ப்ளியில் முதல் முறையாக இரண்டும் மோதின. ரசிகர்கள் கலந்து உட்கார்ந்து, "மெர்சிசைட்" என்று ஊர்ப் பெயரைச் சேர்ந்தே கத்தினார்கள். துறைமுகம் படுத்து, வேலை இல்லாமல், தாட்சர் அரசு மேல் கடுப்பில் இருந்த ஊர். காட்டிக்கொள்ள அவர்களிடம் இருந்தது இந்த இரண்டு அணிகள்தான்.

உறவு கசந்ததும் அப்போதான். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானம். யுவென்டஸுடன் ஐரோப்பியக் கோப்பை இறுதி. லிவர்பூல் ரசிகர்கள் எதிர்த்தரப்பு மேல் பாய, நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். இங்கிலாந்து கிளப்கள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் தடை. அந்த வருஷ லீக் சாம்பியன் யார்? எவர்ட்டன். கிளப் வரலாற்றிலேயே சிறந்த அணி அது என்பார்கள். ஐரோப்பியக் கோப்பையில் ஆடவே முடியாமல் கலைந்து போனது. "உங்களாலதான்" என்ற அந்தக் குறை எவர்ட்டன் வீடுகளில் இன்னும் இருக்கு. நியாயமான குறைதான் என்பேன்.

இப்போ 1989 ஏப்ரல் 15.

எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி இரண்டும் ஒரே நேரத்தில். பர்மிங்காமில் எவர்ட்டன், நார்விச்சை 1-0 என வென்றது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுடன். வாசலில் கூட்டம் நெருக்க, போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. ஏற்கனவே நிரம்பியிருந்த, சுற்றிலும் கம்பி வேலி போட்ட இரண்டு அடைப்புகளுக்குள் கூட்டம் போய் விழுந்தது. 3.06க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

நெரிசல் சாவு என்றால் மிதிபட்டுச் சாவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்றபடியே சாவார்கள். மூச்சை இழுக்க மார்புக்கூடு விரியணும். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் அழுத்தினால் விரிய இடம் இருக்காது. நுரையீரல் நல்லா இருக்கும், இதயம் நல்லா இருக்கும், ஆனா காற்று உள்ளே போகாது. சில நிமிஷத்தில் நினைவு போகும். அந்த நிலையில் வெளியே இழுத்து, மூச்சுப்பாதையைச் சரி பண்ணி, சி.பி.ஆர். கொடுத்தால் சிலர் திரும்பி வருவார்கள். அதுதான் முக்கியம். நினைவு போன எல்லாரும் செத்தவர்கள் இல்லை.

ஆம்புலன்ஸ்கள் வெளியே வரிசையில் நின்றன. உள்ளே ரசிகர்கள் விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அதையே ஸ்ட்ரெச்சராக்கி ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோப் ரசிகர்கள். இறந்தவர்களில் மருத்துவமனை வரை போய்ச் சேர்ந்தவர்கள் 14 பேர் மட்டும்.

பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி, "ரசிகர்கள் கேட்டை உடைச்சுட்டாங்க" என்று அன்றே பொய் சொன்னார். திறக்கச் சொன்னவரே அவர். நான்கு நாள் கழித்து 'சன்' பத்திரிகை, குடிகார லிவர்பூல் ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. அதுவும் பொய்.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. இறந்த எல்லாருடைய ரத்தத்திலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். குழந்தைகள் உட்பட. கடைசியாக இருந்த சிறுவனுக்கு வயது 10.

கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். எழுதுகிறவர்களுக்கு இது புரியும். விபத்தில் வந்தவர் முகத்தருகே குனிந்து, மது வாடை உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதுவோம். வழக்கமான வரிதான், எழுதித்தான் ஆகணும். ஆனா அதை எழுதும்போது பக்கத்தில் நிற்கிற மனைவி, "அவர் குடிக்க மாட்டாருங்க டாக்டர்" என்று கெஞ்சுகிற குரலில் சொல்வார். அடிபட்டவரை அங்கே யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவராகவே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஹில்ஸ்பரோ படித்த பிறகு அந்த வரியை நான் எழுதுகிற ஒவ்வொரு முறையும் கை ஒரு நொடி நிற்கிறது.

அடுத்தது மரண விசாரணை. நடத்திய டாக்டர் ஸ்டெஃபான் பாப்பர், 3.15 மணிக்கு மேல் நடந்த எதையும் விசாரிக்கப் போவதில்லை என்று கோடு போட்டார். இறந்தவர்கள் எல்லாருக்கும் அதற்குள் உயிர் பிழைக்க முடியாத பாதிப்பு ஏற்பட்டுவிட்டது என்பது காரணம். இதன் அர்த்தம் என்ன? தாமதமாக வந்த உதவி பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. 1991ல் 'விபத்து மரணம்' என்று முடித்தார்கள்.

இருபத்தியோரு வருஷம் கழித்து, 2012 செப்டம்பரில், சுயாதீனக் குழு ஒன்று ஆவணங்களைத் திறந்தது. அதில் இருந்த டாக்டர் பில் கர்க்கப் உடற்கூராய்வு அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றார். போலீஸ்காரர்களின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டிருந்ததும் வெளியே வந்தது. ஒரு டாக்டர் போட்ட கோட்டை இன்னொரு டாக்டர் அழித்தார், இரண்டும் அதே அறிக்கைகளை வைத்து. 2016ல் புது ஜூரி, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றும் சொன்னது. அன்று மூளை பாதிக்கப்பட்ட ஒருவர் 2021ல் இறந்தபோது எண்ணிக்கை 97 ஆனது. அந்தச் சாவுகளுக்காக ஒருவர்கூட சிறைக்குப் போகவில்லை.

சரி, பங்காளி என்ன பண்ணான்?

துயரம் நடந்து ஒரு வாரம். ஏப்ரல் 22. குடிசன் பார்க்கில் இருந்து ஸ்டான்லி பூங்கா வழியாக ஆன்ஃபீல்ட் வரைக்கும், கழுத்தில் போடும் துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஒரே கயிறாக நீட்டினார்கள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். 1892ல் எந்தப் பூங்காவைத் தாண்டிப் பிரிந்து போனார்களோ, அதே பூங்கா.

துயரத்துக்குப் பிறகு லிவர்பூல் ஆடிய முதல் லீக் ஆட்டம் மே 3ல் எவர்ட்டனுடன், குடிசன் பார்க்கில். 0-0. மே 20ல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மறுபடி அதே இரண்டு அணிகள். கூடுதல் நேரத்தில் லிவர்பூல் 3-2. எவர்ட்டன் விட்டுக்கொடுக்கவில்லை, கடைசி நிமிஷத்தில் சமன் செய்து இழுத்தது. அதுதான் மரியாதை. துக்க வீட்டுக்காரனைப் பார்த்து மெதுவா ஆடினா அது அவமானம்.

'சன்' பத்திரிகைப் புறக்கணிப்பிலும் நீலம் சிவப்பு பேதம் இல்லை. ஊரே வாங்குவதை நிறுத்தியது. 2017ல் அந்தப் பத்திரிகை நிருபர்களை இரண்டு கிளப்களும் தடை செய்தன.

2012ல் அறிக்கை வந்த சில நாளில் குடிசன் பார்க்கில் எவர்ட்டன் - நியூகாசில் ஆட்டம். லிவர்பூல் ஆட்டமே இல்லை. தொடங்கும் முன் இரண்டு குழந்தைகள் கைகோர்த்து நடந்து வந்தார்கள். எவர்ட்டன் சட்டையில் ஒரு சிறுமி, முதுகில் 9. லிவர்பூல் சட்டையில் ஒரு சிறுவன், முதுகில் 6. அப்போதைய எண்ணிக்கை 96. திரையில் பெயர்கள் ஓட, மொத்த மைதானமும் எழுந்து நின்றது. வீடியோ இருக்கு, பாருங்க. டூட்டி நேரத்துல பார்க்காதீங்க.

அடுத்த ஏப்ரலில் ஆன்ஃபீல்டில் நடந்த நினைவுக் கூட்டத்தில் எவர்ட்டன் தலைவர் பில் கென்ரைட் பேசினார். அதிகாரத்தில் இருந்தவர்கள் தப்பான ஊர்கிட்ட மோதிட்டாங்க, தப்பான அம்மாக்கள்கிட்ட மோதிட்டாங்க என்றார். எதிரி கிளப்பின் தலைவருக்கு ஆன்ஃபீல்டில் கைதட்டல்.

இதெல்லாம் படிச்சுட்டு, ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. பிரீமியர் லீக்கில் அதிக சிவப்பு அட்டை விழுந்த மோதல் இதுதான். அசிங்கமான கோஷங்களும் கேட்கிறது, ஹெய்சலை இழுத்தும் கத்துகிறார்கள். கலந்து உட்காருகிற பழக்கம் குறைந்துவிட்டது.

2025 பிப்ரவரி 12, குடிசன் பார்க்கில் ஆண்கள் அணிகளின் கடைசி டெர்பி. லிவர்பூல் 2-1 என முன்னிலை. 98வது நிமிஷம் டர்கோவ்ஸ்கி அடித்த அடியில் 2-2. விசில் ஊதிய பிறகும் அடிதடி. இரண்டு வீரர்களுக்கும், லிவர்பூல் மேலாளருக்கும், அவர் உதவியாளருக்கும் சிவப்பு அட்டை. அந்த மைதானத்தில் நடந்த டெர்பிகளைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு கிளப்புக்கும் சம எண்ணிக்கையில் வெற்றி.

எவர்ட்டன் இப்போ மெர்சி நதிக்கரையில், பழைய கப்பல்துறை இருந்த இடத்தில், புது ஸ்டேடியத்துக்குக் குடி போயிடுச்சு. 133 வருஷத்துல ரெண்டாவது தடவை வீடு மாறுது. டாக்டர் பாக்ஸ்டர் வட்டியில்லாக் கடன் கொடுத்து எழுந்த குடிசன் பார்க்கை இடிக்கவில்லை. எவர்ட்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் லிவர்பூல் பெண்களுக்கும் டெர்பி உண்டு.